உள்மூடி வெளிமூடி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அந்தச் செய்தி வந்தபோது என் நாத்தனார் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரையோடு ஓடி வந்து போனை என் மூக்குக்கு நேராக நீட்டி ஏதோ சொன்னாள். "பதினோரு மணி" என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. மிச்சமெல்லாம் நுரையாக என் தோளில் தெறித்தது. கண்ணாடி போடாமல் போன் எழுத்து எனக்குத் தெரியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்? அவள் திரும்பி ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்து சத்தமாகப் படித்தாள். சமையல் வீடியோ போடுகிற அம்மா ஒருவர் இருக்கிறார், ஞாயிறு தவறாமல் பதினோரு மணிக்கு நேரலையில் வருவார், அவர் வெங்காயம் நறுக்குவதைக்கூட லட்சம் பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவருடைய ஆபீஸிலிருந்து வந்த செய்தி அது. இன்றைய நிகழ்ச்சியில் எங்கள் பக்கத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசப்போகிறாராம், திரையில் போடுவதற்கு ஒரே ஒரு லிங்க் அனுப்ப வேண்டுமாம்.

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க வேண்டும் என்பதால் நின்றுகொண்டே இருந்தேன்.

எங்கள் பக்கம் என்று பெரிதாகச் சொல்கிறேனே, அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய பாத்திரக்கடை ஒன்றின் பின்பக்கம் சர்வீஸ் கவுன்டரில் நான் பன்னிரண்டு வருடம் நின்றவள். குக்கர்தான் என் வேலை. ஆவி கசிகிறது, விசில் வரவில்லை, கைப்பிடி ஆடுகிறது என்று கொண்டுவருவார்கள். பத்தில் எட்டுக்கு ரப்பர்தான் காரணமாக இருக்கும். கேஸ்கட் என்று அட்டையில் போட்டிருக்கும், வாங்குகிறவர்கள் வாயில் அது ரப்பர்தான். ஒருநாள் முதலாளி கவுன்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தோசைக்கல் அடுக்கிவிட்டார். நான் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். தாங்க முடியாமல் என் நாத்தனார்தான் போனை ஸ்டாண்டில் மாட்டி என் கையை மட்டும் படம் பிடித்தாள். முகம் காட்டமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். என் கையும் மூடிகளும் குரலும் மட்டும். ஐந்நூறு பேர் பார்த்தார்கள், அப்புறம் ஐயாயிரம் பேர். எனக்கு விசிலக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீடியோவுக்குக் கீழே ஒரு லிங்க் இருக்கும். அதைத் தட்டிப் போய் ஆன்லைன் கடையில் யாராவது ஏதாவது வாங்கினால் கடை எங்களுக்குக் கொஞ்சம் கமிஷன் தரும். பிழைப்பு இவ்வளவுதான்.

நாத்தனாரை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பட்டன் என்போம். நான்கு வயதில் அண்ணன் சட்டைப் பட்டனை விழுங்கிவிட்டாள், வீடே இரண்டு நாள் தேடியது. எங்கே தேடினார்கள் என்று கேட்காதீர்கள். இப்போது முப்பத்திரண்டு வயது, வேறொரு ஆன்லைன் கடையின் ரிட்டர்ன் பிரிவில் போன் எடுக்கிறாள். வாங்கிய பொருள் சரியில்லை என்று கத்துகிறவர்களுக்கு நாள் முழுக்க "மன்னிச்சிடுங்க மேடம்" சொல்கிற வேலை. அந்த ஆபீஸை இப்போது வேறு ஊருக்குத் தூக்குகிறார்கள். வருகிறேன் என்றோ இல்லை என்றோ படிவத்தில் கையெழுத்துப் போட்டு நாளைக்குக் கொடுக்க வேண்டும். படிவம் ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் சாப்பிட நாங்கள் மூன்று பேரும் பழகிவிட்டோம்.

அவள் போகக்கூடாது. இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் என்னோடு வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் அவள்தான். என் வீட்டுக்காரர் நல்லவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், ஆனால் ஒரு ஜோக் சொன்னால் சாயங்காலம்தான் சிரிப்பார்.

"அண்ணி, இன்னைக்கு வர்ற கூட்டத்துல நூத்துக்குப் பத்து பேர் வாங்கினா போதும். நான் போகல. சத்தியமா போகல. நாளைக்கு அந்தப் படிவத்த அவங்க மேஜையிலயே கிழிச்சுப் போட்டுட்டு வருவேன்" என்றாள் பட்டன்.

லிங்க்கை உடனே அனுப்பிவிட்டோம். அதில் ஒரு வசதி இருக்கிறது. திரையில் தெரிகிற லிங்க் ஒன்றுதான், ஆனால் அதைத் தட்டினால் எங்கே போய் நிற்பார்கள் என்பது எங்கள் கையில். எப்போது வேண்டுமானாலும், நூறு தடவைகூட மாற்றலாம். கேள்வி அதுதான். எங்கே அனுப்புவது?

"நேரா பொருளுக்கு" என்றாள் பட்டன். "கடையில அதிகமா விக்கிற கேஸ்கட் இருக்குல்ல, அந்தப் பக்கத்துக்கே. தட்டினா வாங்குற பட்டன் கண்ணுக்கு முன்னாடி இருக்கணும். நடுவுல ஒரு படி வச்சா பாதி பேர் இறங்கிப் போய்டுவாங்க."

வீட்டுக்காரர் காலைப் பேப்பரிலிருந்து தலையை எடுத்தார். "லிஸ்டுக்கு அனுப்புங்களேன். எல்லா ரப்பரும் வரிசையா இருக்கும். அவங்கவங்க பாத்து எடுத்துக்கட்டும்."

"அண்ணா, நூத்தி எண்பது ரப்பர் வரும். எல்லாம் கருப்பு வட்டம். யார் பாத்து எடுப்பா?"

எங்கள் சொந்தப் பக்கம் ஒன்றும் இருக்கிறது. 'முதலில் இதைப் படியுங்கள்' என்று நானே சொல்லச் சொல்ல பட்டன் எழுதியது. எந்த குக்கருக்கு எந்த ரப்பர், எப்படி அளப்பது, எல்லாம் அதில் உண்டு. நூறு பேர் வந்தால் எழுபது பேர் படிக்காமல் ஓடிவிடுகிறார்கள் என்று அவள் கணக்கு காட்டினாள். நான் அந்தப் பக்கத்துக்காக வாதாடியிருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் நின்றவள் அல்லவா? ஆனால் மேஜையில் படிவம் கிடந்தது. எனக்கு அன்று ஊர் உலகத்தின் குக்கர்களைப் பற்றிக் கவலை இல்லை, இவள் ஒருத்தி வீட்டில் இருந்தால் போதும் என்றிருந்தது. "சரி, நேரா பொருளுக்கே அனுப்பு" என்றேன். சொல்லி முடித்ததும் உள்ளே ஏதோ கசிகிற மாதிரி இருந்தது.

கசிவு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து ஜன்னலுக்கு நேர் எதிரே, குறுகலான தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் இருக்கிறது. அந்த வீட்டு அம்மாவின் குக்கர் இரண்டு வருடமாகச் சீறுகிறது. விசில் வருவதே இல்லை, வெறும் சீறல்தான். அது ரப்பர் போன சத்தம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அந்த அம்மா பாவம், ஒவ்வொரு நாளும் மூடியைத் தட்டிப் பார்ப்பார், வெயிட்டை எடுத்து ஊதிப் பார்ப்பார். எத்தனையோ நாள் கிளம்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்திருக்கிறேன். பேச்சு வார்த்தை இல்லாத வீட்டில் போய், 'உங்கள் குக்கர் சரியில்லை' என்று எப்படி ஆரம்பிப்பது? அன்றும் ஒன்பதரைக்குச் சீறிக்கொண்டுதான் இருந்தது.

பட்டன் லிங்க்கைத் திருப்பிவிட்டாள். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். வீட்டுக்காரர் கையில் போனைக் கொடுத்து, "நம்ம வீட்டு குக்கருக்கு ரப்பர் வாங்குங்க, பாக்கலாம்" என்றோம். அவர் தட்டினார், ஐந்து லிட்டர் என்று தேர்ந்தெடுத்தார், வாங்குகிற இடத்துக்குப் போய் நிமிர்ந்து பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பட்டன் கைதட்டினாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். "இது வெளிமூடி ரப்பர். நம்மது உள்மூடி."

"அப்படின்னா?"

"மூடி வாய்க்கு மேல உக்காந்தா வெளிமூடி, வாய்க்குள்ள போய் மாட்டினா உள்மூடி. இருபது வருஷமா அந்த குக்கர்ல வெந்ததத்தான் சாப்பிடுறீங்க. ஒரு நாளாவது மூடியிருந்தா தெரியும்" என்றேன். பட்டன் விழுந்து விழுந்து சிரித்தாள். "இங்க கொடுங்க, எப்படி வாங்குறதுன்னு நான் காட்டுறேன்" என்று போனைப் பிடுங்கினேன். பக்கத்தின் உச்சியில் பெரிதாக உள்மூடிப் படம் இருந்தது. அதைப் பார்த்ததும் நிம்மதியாக ஐந்து லிட்டரைத் தட்டி வாங்குகிற இடத்துக்குப் போனேன். அங்கே எழுதியிருந்ததைப் படித்தேன். மறுபடி படித்தேன். வெளிமூடி.

எப்படி என்று கீழே இறக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. படம் ஒன்று, ஆனால் படத்துக்குக் கீழே, திரை தாண்டி, கண்ணில் படாத இடத்தில் வெளிமூடி என்று அவர்களாகவே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். அதிகம் விற்கிறது என்பதற்காக. மாற்ற வேண்டுமென்றால் இறக்கிப் போய் மாற்ற வேண்டும். பன்னிரண்டு வருடம் ஒரு ரப்பரைக்கூடத் தவறாகக் கொடுக்காத விசிலக்காவான நான், தன் சொந்த குக்கருக்கு, கண்ணாடி போட்டுக்கொண்டு, தப்பான ரப்பரை வாங்கப் போயிருந்தேன். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பட்டன் போனை வாங்கி அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பி அனுப்பிட்டா நமக்கு கமிஷனும் கெடையாது" என்று முதலில் சொன்னாள். கொஞ்சம் கழித்து, "யாரும் நம்மள திட்டமாட்டாங்க அண்ணி. கடைக்குத்தான் போன் பண்ணித் திட்டுவாங்க. எடுத்துப் பேசப்போறவ எவளோ ஒருத்தி. தெனம் நூறு தடவ மன்னிச்சிடுங்க மேடம்னு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

மணி ஒன்பது ஐம்பது.

சட்டென்று அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். யோசனை வந்துவிட்டால் அவளுக்கு நாற்காலி நேராக இருக்கக்கூடாது. "அண்ணி, ஒரே ஒரு கேள்வி. அதுக்கு மேல கேட்டா ஓடிடுவாங்க. கவுன்டர்ல வந்து நிக்கிறவங்ககிட்ட மொதல்ல என்ன கேப்பீங்க? உள்மூடியா வெளிமூடியான்னா?"

"சேச்சே, அப்படிக் கேட்டா மேல ஃபேனப் பாப்பாங்க. யாருக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெட்கப்பட்டு ஏதாவது ஒண்ண சொல்லிடுவாங்க."

"அப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கையப் பாப்பேன்."

"கையவா?"

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. பெரிய ரகசியம் என்று இல்லை, யாரும் கேட்டதில்லை. குக்கரை வீட்டில் வைத்துவிட்டு ரப்பர் வாங்க மட்டும் வருவார்கள் அல்லவா, அவர்களிடம் நான் லிட்டர் கேட்கமாட்டேன், கம்பெனி கேட்கமாட்டேன். 'வீட்ல எப்படி மூடுவீங்க, சும்மா காத்துல மூடிக் காட்டுங்க' என்பேன். சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவார்கள். வெளிமூடிக்காரர்கள் கை கவிழ்ந்து உட்கார்ந்து ஒரு திருகு திருகும். உள்மூடிக்காரர்கள் கை மணிக்கட்டோடு சாய்ந்து, பக்கவாட்டில் நுழைந்து, பிறகு மேலே தூக்கும். தலைக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஒரு தடவைகூட அது தப்பாகச் சொன்னதில்லை. உள்மூடியா வெளிமூடியா என்பது தெரிந்துவிட்டால், அப்புறம் லிட்டர் சொன்னால் போதும்.

பட்டன் தன் கையை மெல்லத் தூக்கிக் காற்றில் மூடிப் பார்த்தாள். மணிக்கட்டு தானாகச் சாய்ந்தது. "அய்யோ அண்ணி" என்று கத்தினாள். "அண்ணா, நீ மூடு!"

வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கி அகலமாகத் திருப்பினார்.

"அது பஸ்ஸு" என்றேன்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் அந்த வீட்டில் நடந்ததை நான் இன்னொரு தடவை பார்க்க ஆசைப்படுகிறேன். இரண்டே இரண்டு படம், ஒவ்வொன்றும் ஐந்து விநாடி. இந்தப் பக்கம் உள்மூடிக் கை, அந்தப் பக்கம் வெளிமூடிக் கை. மேலே ஒரே வரி: 'குக்கரை எப்படி மூடுவீர்கள்? காற்றில் மூடிப் பாருங்கள்.' தங்கள் கை எந்தக் கை மாதிரி போகிறதோ அதைத் தட்டினால், கடையில் அந்த ரப்பரின் பக்கமே திறக்க வேண்டும், டிக் சரியான இடத்தில் விழுந்திருக்க வேண்டும். பட்டன் ஒரு காதில் ஹெட்போனும் மறு காதில் பென்சிலுமாக அதை மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். படம் எடுக்க வெள்ளைப் பின்னணி வேண்டும். வீட்டில் வெள்ளை என்று எதுவும் வெள்ளையாக இல்லை. வீட்டுக்காரர் தன் பஸ் ரூட் தாள்களைத் திருப்பி அலமாரிக் கதவில் வரிசையாக ஒட்டினார். ஒரு தாள் குறைந்தது. மேஜையில் கிடந்ததை எடுத்துத் திருப்பி ஒட்டிவிட்டார். அது என்ன தாள் என்று அவருக்குத் தெரியாதா, தெரிந்துதான் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பட்டன் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அண்ணி, கைய கொஞ்சம் எடப்பக்கம், நெழல் விழுது" என்றாள்.

முதல் தடவை மூடியோடு எடுத்தோம். மூடி இருந்தால் எல்லாரும் மூடியைத்தான் பார்க்கிறார்கள், கையைப் பார்ப்பதில்லை. அதனால் வெறும் கை. வெறும் கையால் இல்லாத மூடியை மூடுவது சுலபம் இல்லை, செய்து பாருங்கள். மூன்று முறை கெடுத்தேன், நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். சரியாக வந்துவிட்டது. பத்து நாற்பதுக்குப் படங்கள் ஏறின. பத்து ஐம்பதுக்கு வெளிமூடிக் கை அசையாமல் நின்றுவிட்டது, பட்டன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள், அண்ணன் இருக்கிறார் என்று பார்க்கவில்லை. பத்து ஐம்பத்து நான்குக்கு அசைந்தது.

"டெஸ்ட், டெஸ்ட்! அண்ணா, நம்ம ரப்பர வாங்கு!"

வீட்டுக்காரர் போனைப் பார்த்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். உள்ளே மூடி இடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை இடித்தது, மூன்றாம் தடவை மாட்டியது. திரும்பி வந்து, "சாய்ச்சு விடணும்" என்று உலகத்துக்கே சொல்கிறவர் மாதிரி சொல்லிவிட்டு உள்மூடிக் கையைத் தட்டினார். ஐந்து லிட்டர் என்று தேர்ந்தெடுத்ததும் சரியான உள்மூடி ரப்பர் வந்து நின்றது. பத்து ஐம்பத்தெட்டுக்குப் பட்டன் லிங்க்கை இந்தக் கைகளின் பக்கத்துக்குத் திருப்பினாள்.

பதினோரு மணிக்குச் சமையல் அம்மா திரையில் வந்தார். வெங்காயம் நறுக்கினார். இன்னும் நறுக்கினார். அவ்வளவு வெங்காயத்தை வைத்து என்ன செய்வாரோ என்று எனக்குப் பொறுக்கவில்லை. பதினொன்று பதினேழுக்குத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க குக்கர்ல ஆவி கசியுதா? முகம் காட்டாத ஒரு அக்கா இருக்காங்க" என்றார். எங்கள் லிங்க் திரையின் அடியில் வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்தார், அதைக்கூட ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தார்.

பட்டன் மடிக்கணினியில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானூறு. அண்ணி, தொள்ளாயிரம். ரெண்டாயிரம் பேர் உள்ள வந்துட்டாங்க!" குதித்தாள். நானும் குதித்தேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு.

பிறகு அவள் குதிப்பதை நிறுத்தினாள்.

"யாரும் தட்டல."

"வருவாங்க."

"இல்ல அண்ணி, வந்து நிக்கிறாங்க. பத்து விநாடி, இருபது விநாடி. போகவும் இல்ல, தட்டவும் இல்ல. இப்படி யாரும் நிக்கமாட்டாங்க. ஒண்ணு தட்டணும், இல்ல ஓடணும். புரியல போல. நம்ம கை புரியல அவங்களுக்கு." மடிக்கணினியை அருகில் இழுத்துக்கொண்டாள். "நேரா பொருளுக்கே மாத்திடவா? இப்ப மாத்தினாகூட பாதி பேர் கெடைப்பாங்க. சொல்லுங்க அண்ணி, சீக்கிரம் சொல்லுங்க."

அவள் விரல் விசையின் மேல் நின்றது. அலமாரிக் கதவில் படிவம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒட்டியிருந்தது. மாற்று என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், அது உண்மை. எதைச் சொல்லப்போகிறோம் என்ற பயத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

எதிர் ஜன்னலில் அந்த வீட்டு அம்மா நின்றிருந்தார். தலையில் ஈரத் துண்டு. போனை எண்ணெய் டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் குக்கர் இல்லை, கையிலும் ஒன்றும் இல்லை.

"கொஞ்சம் பொறு" என்றேன்.

அந்த அம்மா யாராவது பார்க்கிறார்களா என்று பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். வலது கையை மெல்லத் தூக்கினார். காற்றில் எதையோ பிடித்தார், நிறுத்தினார், யோசித்தார், மறுபடி பிடித்தார். மணிக்கட்டு சாய்ந்தது. பக்கவாட்டில் உள்ளே போய், மேலே தூக்கியது.

"உள்மூடி" என்றேன். "புரியாம நிக்கல பட்டன், எல்லாரும் மூடிப் பாத்துட்டு நிக்கிறாங்க."

பட்டன் விசையிலிருந்து விரலை எடுக்காமல் எழுந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், இல்லாத மூடியை அந்த அம்மா இன்னொரு தடவை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.